முட்டி போடாத கோல்கீப்பர்

இரண்டாவது கோலும் மிரியமின் கால்களுக்கு நடுவேதான் போனது. முதல் கோல் போன அதே வழி. பனித்தரையை ஒட்டி, ஒரு விரற்கடைகூட மேலே எழும்பாமல், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, ஐஸ் ஹாக்கியில் பக் என்கிறார்கள், அவசரமே இல்லாமல் வந்தது. மிரியம் அதைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், ஹெல்மெட் கம்பிக்குள் இருந்த முகம் அதோடு கூடவே குனிந்தது, கைத்தடியை இறக்கினாள், ஆனால் முட்டி மடங்கவில்லை. இரண்டு காலும் பந்தலுக்கு நட்ட கம்பு மாதிரி நின்றன. பக் நடுவில் புகுந்து வலையில் போய்ப் படுத்துக்கொண்டது. எதிரணிப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு சறுக்கிப் போனார்கள். மூன்றாம் படியில், தலைக்கு மேலே சிவப்பாக எரிகிற கம்பி ஹீட்டருக்குக் கீழே, முடி மட்டும் சூடாகிப் பாதம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த மிரியமின் அம்மா சுகிர்தா மடியிலிருந்த கையுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினாள், உருவினாள், மறுபடி செருகினாள். முட்டி போட்டிருக்கணும். போட்டிருந்தால் நின்றிருக்கும். பத்து வயதுப் பிள்ளைகள் அடிப்பதில் முக்கால்வாசி தரையோடுதான் வரும், தூக்கி அடிக்கக் கையில் பலம் கிடையாது, அதனால் முட்டி போடத் தெரிந்த கீப்பருக்கு இந்த வயதில் பாதி வேலை முடிந்தது என்று கோச் டேரில்தான் சொல்லியிருந்தார். முட்டி போடாத கீப்பருக்கு என்ன என்று அவர் அப்போது சொல்லவில்லை. இன்றைக்கு ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட்டார், நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். "பிராக்டிஸ்ல நல்லா செய்யறா. மேட்ச்ல நிக்கிறா, அவ்வளவுதான். பயமா இருக்குபோல. பயந்தா வற்புறுத்தக் கூடாது. இன்னைக்குப் பாத்துட்டு, அடுத்த வாரத்திலேருந்து அவளை முன்னாடி ஆட வச்சிட்டு வேற பிள்ளைய கோல்ல நிறுத்தலாம்னு இருக்கேன்." மிரியம் பக்கத்தில்தான் நின்றாள். கையில் மாட்டியிருந்த பெரிய உறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த உறையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை அது. பிறந்தநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் காலில் கட்டுகிற பேடுக்குப் போடுகிற புது வார் வேண்டும் என்று சொல்கிற பிள்ளை. பயமாம். பயம் யாருக்கு. முட்டி போடாதே என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னது யார், கோச்சா, அதன் தகப்பன் எட்வினா, ரோட்டில் போகிறவர்களா. நான்தான். வேறு யாரும் இல்லை, நானேதான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வின்னிப்பெக்குக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகிறது, வந்த முதல் வருஷம் ஐஸ் என்றால் விழாமல் கடக்க வேண்டிய ஒன்று, அதன்மேல் பிள்ளையைக் கத்தி கட்டிய செருப்போடு அனுப்புவதென்பது யாரோ பைத்தியக்காரர்கள் செய்வது. இப்போது தெரியும். இப்போது அவளுக்குத் தெரிகிற அளவுக்கு இந்தப் படிகளில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் தெரியாது. குக்கரில் சோறு வைத்துவிட்டு, செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, வீடியோ வீடியோவாகப் பார்த்திருக்கிறாள். கோல்கீப்பர் முட்டி போடுவதற்கு வண்ணத்துப்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு முட்டியும் சேர்ந்தாற்போலத் தரையில் இறங்கணும். முட்டிக்குக் கீழே கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, கட்டியிருக்கிற பேடுகள் சிறகு மாதிரி ஐஸோடு ஒட்டிப் படுக்கணும். நடுவில் மிஞ்சுகிற ஓட்டையைக் கைத்தடியின் பட்டை மூடணும். குதிகாலில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் மேலே காலி. பக்கைக் காலால் உதைக்கக் கூடாது, பேடைக் கொஞ்சம் சாய்த்து மூலைக்கு அனுப்பணும், எதிரே தட்டிவிட்டால் அடித்தவனுக்கே திருப்பிக் கொடுத்த கதை. எழும்பும்போது வலப்பக்கம் போகணும் என்றால் இடது காலை ஊன்றித் தள்ளணும். ரொம்ப சீக்கிரம் இறங்கிவிடவும் கூடாது, இறங்கிவிட்டால் அவன் காத்திருந்து மேலே அடிப்பான். எல்லாம் தெரியும். ஒருநாள் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கம்பளத்தில் அவளே இறங்கிப் பார்த்தாள். இறங்கினது இறங்கினதுதான், முப்பத்தோரு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டு கட்டில் காலைப் பிடித்து எழும்ப வேண்டியதாயிற்று. தெரிந்து என்ன செய்ய. தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை முட்டி போட்டுக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மணல்தான்.

கான்வென்டில் முட்டி போடுவது இரண்டு விதம். சேப்பலில் போடுவது ஒன்று, அதற்கு ரெக்சின் தைத்த பலகை உண்டு, அது வலிக்காது, அல்லது வலித்தாலும் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துவிடலாம். இன்னொன்று மணிக்கம்பத்துக்குக் கீழே, மணலில், கை இரண்டையும் தூக்கிக்கொண்டு. ஆறாம் வகுப்பில் பிரேயருக்கு வரிசையில் போகும்போது பாவாடைக் கொக்கி அறுந்துவிட்டது, முன்னால் போனவளிடம், "ஏட்டி, ஊக்கு இருக்கா" என்று கேட்டாள், மூன்றே சொல், மூன்றும் தமிழ். சிஸ்டர் அடிக்கவெல்லாம் இல்லை, விரலால் மணிக்கம்பத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான். கை தூக்கினால் பாவாடை இறங்கும், இறக்கினால் நேரம் கூடும், ஒரு கையைத் தூக்கி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மணிவரைக்கும். மணல் முதலில் குத்தும், பிறகு குத்தாது, பிறகு முட்டி தன்னுடையது இல்லை என்று ஆகிவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க அந்த வழியாகத்தான் போகும். அதெல்லாம்கூட இல்லை. அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள், பார்த்தாள், நின்றாள், சிஸ்டர் வெளியே வந்ததும் தூக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, "மன்னிச்சிருங்க சிஸ்டர், இனிமே செய்ய மாட்டா" என்றாள். என்ன செய்தாள் என்று கேட்கவே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை, அம்மா சாகிறவரைக்கும் கேட்கவில்லை. ராத்திரி முட்டிக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள், கேட்காமலே. நான் பிள்ளை பெற்றால் கேட்பேன் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டது பத்து வயதிலா, பதினொன்றிலா. நினைத்தது ஞாபகம் இருக்கிறது. நினைத்து என்ன. அதற்கு வேளை வந்த அன்றைக்கு வாயிலிருந்து என்ன வந்தது, அம்மா வாயிலிருந்து வந்த அதே வார்த்தைதான் வந்தது, இங்கிலீஷில் வந்தது, அதுதான் வித்தியாசம், அந்த இங்கிலீஷும் மணிக்கம்பம் போட்ட இங்கிலீஷ்.

அன்றைக்குப் பிராக்டிஸ், சீசன் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கம் விரட்டிக்கொண்டு ஓடிச் சிரித்துக்கொண்டிருக்கையில், மூலையில் மிரியம் தனியாக. எதிரே கோச் டேரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தடியால் ஐஸில் ஒரு தட்டுத் தட்டுகிறார், பிள்ளை முட்டி போடுகிறது. இன்னொரு தட்டு, எழும்புகிறது. தட்டு, முட்டி. தட்டு, எழும்பு. இருபது, முப்பது, எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு எண் விட்டுப்போயிற்று. பிள்ளையின் மூச்சு கம்பிக்கு வெளியே வெள்ளையாக வருகிறது. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. என்ன செய்தாள் என்று போய்க் கேட்கத்தான் படியிறங்கினாள், அதில் சந்தேகமே இல்லை, கேட்கத்தான். பிராக்டிஸ் முடிந்து அவர் கதவைத் திறந்துகொண்டு வந்ததும், "ஐ ஆம் வெரி சாரி, கோச். வாட்எவர் ஷி ஹேஸ் டன், ஷி வில் நாட் ரிபீட் இட்" என்றாள். டேரில் புருவத்தைச் சுருக்கினார். "சாரியா, எதுக்கு? இந்த சீசன் பூரா உங்க பொண்ணு முட்டியிலதான் இருக்கப் போறா" என்று சிரித்தார். சிரித்தார். சீசன் பூரா. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை. காரில் ஏறியதும், "ஏட்டி, என்ன செஞ்ச?" என்றாள். "ஒண்ணும் செய்யலம்மா." "ஒண்ணும் செய்யாமலா அந்த ஆளு அத்தன பேரு பாக்க முட்டி போட வச்சான்?" "அம்மா, அது வந்து..." "எதிர்த்துப் பேசாத. நல்லா கேட்டுக்கோ. இனிமே யாரு சொன்னாலும் முட்டி போடக்கூடாது. கோச்சு சொன்னாலும் சரி, டீச்சர் சொன்னாலும் சரி. கர்த்தர் முன்னாடி தவிர யாரு முன்னாடியும் கூடாது." சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அழுகை வந்துவிட்டது, சிக்னல் பச்சை விழுந்தது தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். பிள்ளை மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு அதன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. எட்வினிடம் சொன்னபோது அவனுக்குச் சோறு புரையேறியது. "சுகி, அது அடி இல்ல, அது ஆட்டம். இங்க பாரு" என்று எச்சில் கையோடு போனில் தேடிக் காட்டினான். வண்ணத்துப்பூச்சிகள். பெரிய பெரிய ஆம்பிளைகள் முட்டி போட்டுக்கொண்டு. "அந்த மனுசன்கிட்ட போயி சாரி வேற கேட்டியாக்கும். அவரு வீட்டுல போயி என்ன சொல்லியிருப்பாரோ." சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "பிள்ளகிட்ட சொல்லிரு. தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லிரு" என்றான். "சரி" என்றாள்.

சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. டிபன் பாக்ஸ் மூடும்போது சொல்லலாம், தலை பின்னும்போது சொல்லலாம், பின்பக்கமாக நின்றுகொண்டு சொல்வது லேசு, வாய் திறந்தால் சடையை இறுக்கிவிடுகிற கைதான் இறுக்கிவிடுகிறது. பிள்ளையிடம் தப்பு என்று சொல்கிற அம்மாவை அவள் பார்த்ததில்லை, எந்த வாயால் சொல்வார்கள், எப்படித் தொடங்குவார்கள். பதிலுக்கு, "கோச்சு சொல்றபடி கேளு, என்ன" என்று ஒரு நாள் சொன்னாள். அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாள். அடங்குமா. கூடாது என்று சொன்னதை அழுதுகொண்டு சொல்லிவிட்டு, ஆகட்டும் என்பதை மட்டும் சடை பின்னிக்கொண்டு சொன்னால் எது பிள்ளைக்குள் நிற்கும். அப்படி இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறேனோ. லிஃப்டில் யாரையும் பார்த்துச் சிரிக்காதே என்று ஒரு தடவை சொன்னேன். உன் கால் தடி, ஃபிராக் நல்லாயில்லை என்று ஒரு தடவை. நான் செத்துப்போனா தெரியும் என்று ஒரு தடவை, அது பால் கொட்டினதற்கு. எது உள்ளே போயிற்று, எது பட்டுத் திரும்பிற்று, வலையில் கிடப்பதை யார் எண்ணிப் பார்க்க முடியும். சுகிர்தா கையுறையை உருவினாள், செருகினாள். மணி அடித்தது, முதல் பகுதி முடிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹர்லீன், அவள் மகளும் இதே அணிதான், சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள். "ஒண்ணு எடுங்க. முகத்தைப் பாத்தா ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு." சுகிர்தா ஒன்றை எடுத்தாள், தின்னவில்லை. "வியாழக்கிழமை பிராக்டிஸ்ல உங்க பொண்ணு ஒண்ணுகூட விடலையாமே, என் பொண்ணு சொன்னா. தரையோட வர்றது எல்லாத்தையும் படுத்தே நிறுத்திட்டாளாம். சனிக்கிழமை ஆனா மட்டும் என்ன வந்துதோ." "வியாழக்கிழமையா?" "ஆமா. உங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வருவாரே." வியாழக்கிழமை எட்வின். சனிக்கிழமை அவனுக்கு பஸ் கம்பெனியில் ஷிஃப்ட், சனிக்கிழமை நான். வியாழன் சூப்பரா ஆடுறா சுகி என்று அவன் சொன்னபோது, தகப்பன் பெருமை, சும்மா அளக்கிறான் என்றுதான் நினைத்தாள். வியாழன் எட்வின், சனி நான். வியாழன் முட்டி, சனி நிற்பு. ஹர்லீன் வேறென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், அடுத்த வாரம் யார் யார் ஆரஞ்சு கொண்டு வருவது என்று, சுகிர்தா தலையாட்டினாள், வியாழன் எட்வின், சனி நான், அதற்கு மேல் யோசனை நகராமல் அதே இடத்தில் ஆணியில் மாட்டிய சேலை மாதிரி இழுபட்டுக்கொண்டிருந்தது.

கீழே கோச் டேரில் கையை ஆட்டினார். அவளைத்தான். எழுந்து இறங்கிப் போனாள், மூன்றே படி, ஒவ்வொன்றும் அதிர்ந்தது. இப்போதே மாற்றிவிடப் போகிறார், இரண்டு கோல் போதும் என்று முடிவு செய்துவிட்டார். "அவளுக்கு லேஸ் அவுந்துட்டு. எனக்கு விரல் விறைச்சுப் போச்சு, நீங்க கட்டிவிடறீங்களா?" என்றார். அவ்வளவுதான். வீரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் ரப்பர் பாயில் மிரியம் கம்பு மாதிரி நின்றாள், குனிய முடியாது, அத்தனை கட்டியிருக்கிறது. சுகிர்தா முட்டி போட்டு உட்கார்ந்து பேடை விலக்கினாள். "எந்தக் காலு?" "இடது. டைட்டா கட்டும்மா. போன தடவ மாதிரி வேண்டாம்." நனைந்த கயிறு விரலை அறுத்தது. ஒரு கண்ணி, இரண்டு கண்ணி. மேலே பார்க்காமல் சொல்லிவிடலாம். இதுவும் ஒரு வகையில் சடை பின்னுவதுதான். "மிரி. அன்னைக்கு கார்ல அம்மா ஒண்ணு சொன்னேன்லா." "எது?" "முட்டி போடக்கூடாதுன்னு." "ம்." "அது தப்பு. அம்மா அத வேற என்னமோன்னு நெனச்சிட்டேன். எனக்குத் தெரியல. தெரியாம உன்ன ஏசிட்டேன்." சொல்லிவிட்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. மேலே மிரியம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும்மா. டாடி சொல்லிட்டாங்க." "எப்போ?" "அன்னைக்கே." சுகிர்தா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. "பின்னே ஏன்ட்டி போட மாட்டேங்க?" "கட்டும்மா, டைம் ஆச்சு." "சொல்லு." "நான் போட்டா உனக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருது." "எனக்கா?" "வார்ம்அப்ல ஒரு தடவ போட்டேன். நீ கண்ண மூடிட்ட. கோல்ல நின்னா நேரா நீதான் தெரியுற. நான் பக்கைப் பாக்கணும்மா. உன்னையும் பாக்க வேண்டியிருக்கு." குற்றம் சொல்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். பிள்ளையின் ஓட்டை காலுக்கு நடுவே இல்லை, மூன்றாம் படியில் உட்கார்ந்திருக்கிறது, ஹீட்டருக்குக் கீழே. சுகிர்தா கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். "போதுமா?" "ம். போதும்." "நான் வெளியே நிக்கேன். உள்ள வரல. நீ ஆடு." மிரியம் யோசித்தாள். "காருக்குப் போகாத. குளிரும்" என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஐஸில் இறங்கிப் போனாள்.

வெளியே என்றால் வெளியே இல்லை, படிகளுக்குப் பின்னால் ஒரு நடை, அங்கிருந்து ஐஸ் தெரியாது. ரப்பர் வாசனை, வறுத்த உருளைக்கிழங்கு வாசனை, கூலிங் மோட்டாரின் உறுமல். நடையின் கோடியில் ஐஸை வழுவழுப்பாக்குகிற வண்டி நின்றது, அதன் பக்கத்தில் பெரிய இரும்புக் கதவு ஒரு முழம் திறந்திருக்க, வண்டி ஓட்டுகிற ஆள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து அந்தச் சந்து வழியாக ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ்காரர், சட்டையில் ரோமெல் என்று தைத்திருந்தது. "வாங்க, இங்கேருந்து நல்லா தெரியும்" என்று வாளியைக் கொஞ்சம் நகர்த்தினார். "வேண்டாம். நான் பாக்கல" என்று சுகிர்தா சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். சுவரில் நீச்சல் வகுப்பு நேரம் ஒட்டியிருந்தது. திங்கள், புதன், நாலரை மணி. பார்க்கவில்லை என்றால் என்ன, நினைக்காமல் இருக்க முடியவில்லை. விழுந்தால். தலையில் பட்டால். கழுத்துக்குக் கீழே காப்பு சரியாகக் கட்டினேனா. பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தது எப்பேர்ப்பட்ட பைத்தியக்காரத்தனம், பார்வையால் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி, விட்டால் விழுந்துவிடுகிற மாதிரி. அம்மாவும் அன்றைக்கு அந்தத் தூக்கோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அதனால் மணல் குறைந்துவிடவில்லை. ஒருவேளை அம்மா வராமல் இருந்திருந்தால், அல்லது வந்து பார்க்காமல் திரும்பியிருந்தால், முட்டி மட்டும்தான் வலித்திருக்கும். திங்கள், புதன், நாலரை. அம்மா பாவம். அம்மாவுக்கும் எங்கே நிற்பதென்று தெரிந்திருக்காது. உள்ளே விசில் ஊதினார்கள், தடிகள் மோதிக்கொண்டன, யாரோ தகப்பன் கத்தினார். ரோமெல் வாளியில் முன்னால் சாய்ந்து, அவள் கேட்காமலே, டீக்கடையில் ரேடியோ கேட்பவர்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார். "வெள்ளைச் சட்டை கொண்டு வர்றான். ஒருத்தன விட்டுட்டான். இன்னொருத்தனையும். பதினோராம் நம்பர், பெரிய பையன். கீப்பர் முன்னால வர்றா, நல்லது, நல்லது. அடிக்கப் போறான்." சுகிர்தா நீச்சல் அட்டவணையின் மூலையில் நகத்தை வைத்திருந்தாள், காகிதம் கிழிந்தது. "ஓ. இறங்கிட்டா. ரெண்டு முட்டியும், அழகா, அப்படியே விரிச்சு... அடடா." நின்றார். உள்ளே கூச்சல் எழும்பியது, அது தங்கள் பக்கத்துக் கூச்சல் இல்லை. ரோமெல் திரும்பி அவள் கோட்டில் குத்தியிருந்த அணிப் பட்டையைப் பார்த்தார், முகம் மாறிற்று. "உங்க பொண்ணா? சாரி. தோளுக்கு மேல போயிட்டு. அந்தப் பையன் ஒருத்தன்தான் தூக்கி அடிக்கறவன், அதுக்கு அவ ஒண்ணும் செய்ய முடியாது." "முட்டி ரெண்டும் தரையில பட்டுதா?" என்றாள் சுகிர்தா. "பட்டுது." "சேந்து பட்டுதா?" "சேந்துதான்." அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். "மூணு ஆயிட்டு. நீங்க சிரிக்கிறீங்க?" "எழும்பிட்டாளா?" ரோமெல் மறுபடி சந்து வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். "எழும்பிட்டா. வலைக்குள்ள கிடந்ததை அவளே தடியால வெளிய தள்ளிவிடுறா. படிப்பக்கம் ஒரு தடவ பாத்தா. இப்போ திரும்பிட்டா." சுகிர்தா சுவரைப் பார்த்தபடியே நின்றாள். "சரி" என்றாள்.